இதுவரை எந்தப் பிழையும் இல்லை

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. உன் இருமல் நின்றதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது இன்னும் இருக்கிறது என்றுதான் அர்த்தம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மாதத்துக்கு ஒரு தடவை சிறையிலிருந்து நீ பேசும் ஐந்து நிமிடப் போன் அம்மா அழுவதற்கே சரியாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அறுபத்திரண்டு பெண்கள் இருக்கிறோம். போன வருஷம் என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை, எனக்கு அன்றைக்கென்று கை அரித்தது. ஓய்வு பெறும்போது தருவதற்காகப் பதினெட்டு வருஷமாக ஒவ்வொருத்தி சம்பளத்திலும் பிடித்துச் சேர்த்த பணம் வங்கியில் தூங்குகிறது. அதைத் தட்டி எழுப்ப ஒரு கம்பெனி வந்திருக்கிறது. 'குடை' என்று ஒரு கிரிப்டோ நாணயமாம். வயதான காலத்தில் மழை நனைக்காமல் காக்குமாம். கம்பெனி ஆள் வாரம் ஒரு தடவை வருகிறார். வாயை மூடினாலும் பல் தெரிகிறது. சிரிப்புக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எங்கள் பெண்களில் பாதிப்பேர் மனசளவில் இப்போதே குடைக்குள் போய்விட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரிதான் என் தொண்டையில் நிற்கிறது. அந்த நாணயத்தை இயக்கும் நிரலைச் சங்கம் தன் சொந்த ஆளை வைத்து ஆடிட் செய்துகொள்ள வேண்டும். பிழை இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு என்ன நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை. நாள் ஏப்ரல் முப்பது வரை.

பெரிய இஸ்திரியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீராவி இஸ்திரியில் முப்பது வருஷம் நிற்பவள். ஆகஸ்டில் ஓய்வு. அவள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "எனக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, கத்தரிக்காயும் தெரியாது. நீ ஒரு நம்பிக்கையான ஆளைக் கொண்டா. அவரு சரின்னா சரி."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாக நினைக்காதே. நீ பார்த்துவந்த நிரல் ஆடிட் தொழிலில் யார் யார் எப்படி என்று உன்னைத் தவிர எனக்கு யார் சொல்வார்கள்? இந்த நாணயத்துக்கு நாணயம் இருக்கிறதா என்று பார்க்க நாணயமான ஆள் ஒருவர் வேண்டும். சொல்.

மார்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கு.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இருக்கிறது. பகலில் அதுவும் நானும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடுவதில்லை. உன் கை வெடிப்பு எப்படி? அம்மாவிடம் இருமலைச் சொல்லாதே.

முதலில் ஒன்று. அந்தப் பணத்தை வங்கியிலேயே விடு. நான் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று தெரியும், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

உன்னிடம் நான் முழுதாகச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் நான் பணம் வாங்கிக்கொண்டு பொய்க் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார்கள். வாங்கியது என் கூலி மட்டும்தான். நான் ஆடிட் செய்த நாணயத்தின் நிரல் இருநூற்று நாற்பது பக்கம். இருநூறைப் படித்தேன். மீதி நாற்பதுக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம். என் கூட்டாளி, "அது பழைய சரக்குடா, நாம பாத்ததுதான்" என்றான். 'முழுவதும் படித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். ஓட்டை அந்த நாற்பதில்தான் இருந்தது. சேமிப்பு எல்லாவற்றையும் அந்த நாணயத்தில் போட்டிருந்த ஒரு பூட்டுக்கடைக்காரர் தூக்குப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி கோர்ட்டில் என்னைத் திட்டவில்லை. "படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, ஆள். மூன்று பேரை எனக்குத் தெரியும், பட்டப்பெயரிலேயே சொல்கிறேன். முத்திரை, பெரிய அலுவலகம் வைத்திருக்கிறார். பல்லி, ஒரு பக்கத்தின் முன்னால் நாள் முழுக்க அசையாமல் உட்காருவான். கறார் என்று ஒரு அம்மா, எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. முகவரிகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போனவுடன் ஒரே ஒரு கேள்வி கேள்: எத்தனை நாள் ஆகும்? நிரலைப் பார்க்காமலே நாள் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

கை வெடிப்பில் களிம்பு தடவுகிறேன், ப்ளீச்சு அதைத் தின்றுவிடுகிறது. அம்மா நன்றாகத் தூங்குகிறாள்.

உன் மூன்று ரத்தினங்களையும் பார்த்தேன். முத்திரை அலுவலகச் சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். எத்தனை நாள் என்றேன். "வர்ற வியாழக்கிழமை சர்டிபிகேட் ரெடி மேடம்" என்றார். பச்சை முத்திரைக்கு ஒரு விலை, தங்க முத்திரைக்கு ஒரு விலை. உள்ளே இருப்பது என்ன நிரல் என்றுகூட அவர் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பல்லி இப்போது குடைக் கம்பெனிச் சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மேசையில் குடைப் படம் போட்ட கோப்பையில் எனக்கே டீ கொடுத்தான்.

கறார் அம்மா நல்லவர். அதுதான் வயிற்றெரிச்சல். "போன வருஷம் ஒரு கம்பெனியில ஓட்டை இருக்குன்னு எழுதினேன். என் மேலயே கேஸ் போட்டுட்டாங்க. வீடு போச்சும்மா. இனிமே எதையும் படிக்கிறதில்ல" என்று கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டே சொன்னார். கதவைச் சாத்தும்போது, "உங்க தம்பியைக் கேளுங்க. அந்த நாற்பது பக்கத்தை விட்டா அவன் வேலையில குறை சொல்ல முடியாது" என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் உன் பெயரைச் சொன்னேன். கூச்சல். "ஜெயில்ல இருக்கிறவனா? திருடன் கையிலேயே சாவியா?" என்று ஒருத்தி குதித்தாள். பெரிய இஸ்திரிதான் எழுந்தாள். "சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. சூடு படாத பூனைங்களை எல்லாம் இவ பாத்துட்டு வந்துட்டா. இவ தம்பியே பாக்கட்டும்" என்றாள். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வெளியார் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

நிரல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்துதான் கிடக்கிறதாம். சிரிப்புக்காரர் அதைப் பெருமையாகச் சொன்னார். வார்டு பிரிண்டரில் அச்செடுத்தேன், தொண்ணூற்று மூன்று பக்கம். உங்கள் சிறை விதிப்படி உறைக்குப் பத்துத் தாள், வாரம் இரண்டு உறை. முதல் உறை இதோடு வருகிறது. மாட்டேன் என்று எழுதாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் ஜலதோஷம். என் இருமலுக்குத் துணை கிடைத்துவிட்டது. நீயும் அம்மாவும் எப்படி?

மாட்டேன் என்று இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கிழித்தேன். எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்துவைத்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் நான் பார்க்கிறேன்.

கணினி இல்லாமல் எப்படி என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். தையல் பிரிவில் உடைந்த பொத்தான்களை எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். என் அறையில் இருக்கும் லாரிக்காரரும் நானும் தரையில் பொத்தான்களைப் பரப்பிக்கொள்கிறோம். பொத்தான்தான் நாணயம். நான் உங்கள் சங்கம், அவர் கம்பெனி. நிரலின் ஒவ்வொரு வரியையும் நான் உரக்கப் படிப்பேன், அது சொல்கிறபடி பொத்தானை நகர்த்துவோம். அவருக்கு நான் கொடுத்திருக்கும் வேலை ஒன்றுதான்: விதியை மீறாமல் என் பொத்தானை எடுக்க முடியுமா என்று பார்ப்பது. டீசல் திருடி உள்ளே வந்தவர். "இந்த வரியில எடுக்க முடியாதுப்பா, நல்லாத்தான் பூட்டியிருக்கான்" என்று வருத்தப்படுகிறார். அவர் வருத்தப்பட வருத்தப்பட எனக்கு நிம்மதி.

முப்பது பக்கம் முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறார்கள். அக்கா, காலையில் எழுந்ததும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று இங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது, உனக்குத்தான் சொல்கிறேன்.

அம்மாவை வெயிலில் கொஞ்சம் நடக்கச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே என்று எழுது, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசி உறை நாளைக்குத் தபாலில் போகும். கொஞ்சம் வேகமாகப் பார். சிரிப்புக்காரர் எல்லோருக்கும் ஆளுக்கொரு நிஜக் குடை கொடுத்துவிட்டுப் போனார். துணி வண்டிகளுக்கு நடுவில் அறுபத்திரண்டு குடைகளையும் விரித்துப் பார்த்து ஒரே சிரிப்பு. உன் பொத்தான் கதையைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும், "பொத்தான் தம்பி என்ன சொல்லுது?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் நான் உட்கார்ந்தால் உன்னைப் பற்றிய பேச்சை நிறுத்துவார்கள். இப்போது நான் உட்கார்ந்ததும் தொடங்குகிறார்கள்.

முப்பதாம் தேதி தாண்டினால் விலை ஏறிவிடும், பிறகு இதே பணத்துக்குப் பாதிதான் கிடைக்குமாம். அதை மட்டும் மனசில் வை.

உன் அக்கா

*

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது, நிஜமாகவே. அம்மா போனில் முழங்கால் வலி என்றாள். டாக்டரிடம் காட்டு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. சித்தி வந்து போனாள் என்றும் சொன்னாள். அவளை நான் விசாரித்ததாகச் சொல்.

ஒன்றிலிருந்து அறுபது வரையும், எழுபத்தொன்றிலிருந்து கடைசி வரையும் படித்துவிட்டேன். இதுவரை எந்தப் பிழையும் இல்லை. கணக்குகளைப் பூட்டிய விதம் சரி. பணத்தை அனுப்பும் பகுதி சரி. லாரிக்காரர் ஒரு மாதமாக முயன்றும் ஒரு பொத்தானைக்கூட எடுக்க முடியவில்லை.

ஆனால் ஏழாவது உறை என் கைக்கு வரவில்லை. இங்கே கடிதம் படிக்கும் அதிகாரியைப் பூதக்கண்ணாடி என்போம். அறுபத்தொன்று முதல் எழுபது வரை நீளநீளமாக எண்ணும் எழுத்துமாகக் கலந்து கிடக்கிறதாம். தப்பித்துப் போவதற்கான ரகசிய பாஷை என்று சந்தேகப்பட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். வருவதற்கு ஒரு மாதம் ஆகலாம். திரும்ப அனுப்பினாலும் இதே கதைதான்.

அதனால் காத்திருங்கள். காத்திருக்க முடியாவிட்டால் அந்தப் பத்துப் பக்கத்தையாவது கறார் அம்மா காலில் விழுந்து காட்டு. விலை ஏறினால் ஏறட்டும். பத்துப் பக்கம் என்று அலட்சியம் வேண்டாம்.

கைக்கு உறை போட்டுக்கொண்டு வேலை செய்.

தம்பி

*

மே 4

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள், இப்போது மாடிப்படி ஏறுகிறாள்.

முப்பதாம் தேதி கூட்டம் நல்லபடியாக முடிந்தது. கையெழுத்தாகிவிட்டது. நீ பார்த்திருக்க வேண்டும்! உலர்த்தும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் நின்றார்கள். உன் வரியை நான்தான் உரக்கப் படித்தேன். கைதட்டினார்கள் தம்பி. உனக்கு. பெரிய இஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிய வந்ததும் அந்தப் பிள்ளையை இங்க கூட்டிட்டு வா" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

சிரிப்புக்காரர் கோப்பில் வைக்க உன் கடிதத்தின் நகல் கேட்டார். மேலே குடும்ப விஷயங்கள் இருந்ததால் தாளை மடித்து வைத்து நகல் எடுத்துக் கொடுத்தேன்.

மீதிப் பக்கங்கள் வந்தால் நிதானமாகப் பார். ஒன்றும் அவசரமில்லை.

உன் அக்கா

*

மே 11

அக்கா,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

என் வரி என்றால் எந்த வரி? கறார் அம்மாவிடம் போனாயா? பத்துப் பக்கம் பாக்கி என்று கூட்டத்தில் சொன்னாயா? அதை மட்டும் எழுது, வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி

*

மே 28

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏழாவது உறை நேற்று வந்தது.

நன்றாகக் கவனித்துப் படி. அறுபத்தேழாம் பக்கத்தில் 'பராமரிப்பு' என்று பெயர் வைத்த ஒரு பகுதி இருக்கிறது. யார் கணக்கில் இருக்கும் நாணயத்தையும் கம்பெனி தன் ஒரே சாவியால் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். பணம் போட்டுத் தொண்ணூறு நாள் வரை அந்தக் கதவு திறக்காது. அதற்குள் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பொத்தானை வைத்து ஆடிப் பார்த்தோம். லாரிக்காரர் ஒரே கையால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டார். முதல் தடவை ஜெயித்தவர், சிரிக்கவில்லை.

நீங்கள் போட்டது ஏப்ரல் முப்பது. ஜூலை இருபத்தொன்பது வரை நேரம் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர நிரலில் வழி இருக்கிறது, அது நாற்பத்திரண்டாம் பக்கம். பத்தில் ஒன்று போனால் போகட்டும். இன்றைக்கே எல்லோரையும் கூட்டிச் சொல்லி வெளியே எடுத்துவிடுங்கள். என் பெயர் கெட்டால் கெடட்டும், கெடுவதற்கு அதில் இன்னும் என்ன இருக்கிறது?

தம்பி

*

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

இரண்டு தடவை போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். நீ குளிக்கிறாய் என்றாள். இரண்டு தடவையும் குளிக்கிறாய். கடிதம் கிடைத்ததா என்று அம்மாவைக் கேட்டேன். "அலமாரியில வெச்சிருக்கா, எனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

இன்னும் முப்பத்துநான்கு நாள் இருக்கிறது. நீ என்ன செய்திருந்தாலும் அதைச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. திட்டுவார்கள், துப்புவார்கள், செயலாளர் பதவியைப் பிடுங்குவார்கள். அவ்வளவுதான் அக்கா. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இப்படிச் சொல்ல யாரும் இல்லை.

எழுது.

தம்பி

*

ஆகஸ்ட் 12

அன்புத் தம்பிக்கு,

அம்மா பிழைத்துக் கிடக்கிறாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் இருமல் எப்படி?

போய்விட்டது. ஜூலை முப்பதாம் தேதி காலை ஷிப்டில் வண்டியிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி போனைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கு சைபர் காட்டுது" என்றாள். எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்கள். இயந்திரங்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. பெரிய இஸ்திரிக்குப் பார்க்கத் தெரியாது, என்னிடம்தான் போனை நீட்டினாள். நான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

உன் மே மாதக் கடிதம் வந்ததுமே நான் சிரிப்புக்காரரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். "அது சும்மா பராமரிப்புக்குக்கா, அடுத்த அப்டேட்ல எடுத்துடுவோம். இப்பப் போய் எல்லார்கிட்டயும் சொல்லி ஏன் பீதியைக் கிளப்புறீங்க?" என்றார். நான் நம்பினேன். நம்ப வேண்டும் போல இருந்தது. தினமும் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். அவர்கள் உன்னைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், வாய் வராது.

கம்பெனி எங்கும் ஓடவில்லை. வக்கீல் வைத்திருக்கிறார்கள். உங்கள் சங்கத்து ஆளே பார்த்து எந்தப் பிழையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், எங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். பெரிய இஸ்திரி ஓய்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுபடி நீராவியில் நிற்கிறாள். என்னைத் திட்டவில்லை. "உன் தம்பி நல்லாத்தான் பாத்திருக்கும், எங்க நேரம்" என்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

போலீஸ் விசாரணை நடக்கிறது. உன்னையும் கேட்க வருவார்களாம். நீ அந்தக் கடிதத்தில் என்ன எழுதினாய் என்று உனக்குச் சரியாக நினைவிருக்கிறதா? நாளாகிவிட்டது, உடம்பும் சரியில்லை, மறந்திருந்தால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்குப் புதிதாக என்ன வந்துவிடப்போகிறது என்று இங்கே யாரோ சொன்னார்கள். அம்மாவுக்கு என்னைத் தவிர இங்கே வேறு யார் இருக்கிறார்கள், நீயே சொல்.

உன் அக்கா

*

செப்டம்பர் 2

அக்கா,

இருமல் இருக்கிறது. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நீ கொஞ்சமாவது சாப்பிடு.

போன செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். நீ எடுத்துக் கொடுத்த நகலை மேசையில் வைத்து, "இது உங்க கையெழுத்தா?" என்றார். என்னுடையதுதான். 'எந்தப் பிழையும் இல்லை' என்பதில்தான் அந்தத் தாள் தொடங்குகிறது. 'எடுக்க முடியவில்லை' என்பதோடு முடிகிறது. மேலே மடித்த இடம் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே முந்தின வரியிலிருந்து ஒரு 'து'வின் வால் மட்டும் தொங்கியது. 'இதுவரை' என்று நான் வரிக் கடைசியில் எழுதியிருக்கிறேன். நீ சரியாக அங்கே மடித்திருக்கிறாய். ஏழாவது உறையைப் பற்றி எழுதிய பத்தியையும் கீழே மடித்திருக்கிறாய். அதில் குடும்ப விஷயம் எதுவும் இல்லை, அக்கா.

"மேல என்ன எழுதியிருந்தீங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார். வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பூதக்கண்ணாடி ஒரு நகல் வைத்திருக்கிறார். அது அந்த அதிகாரிக்குத் தெரியாது. நான் சொன்னால்தான் தெரியும்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு மூன்று வருஷம் கூடும். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். லாரிக்காரரைக் கேட்டேன். "அக்காவா, அறுபது பேரான்னு என்னைக் கேக்காதே. எனக்கு அக்கா இல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் நான் மறந்தால் கம்பெனி சொல்வதுதான் நிற்கும். பெரிய இஸ்திரிக்கு ஒன்றும் வராது. ஆடிட் முடியவே இல்லை, அந்தப் பத்துப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்ட பிறகு நீ போய்க் கேட்டும் கம்பெனி மறைத்தது என்று காட்டினால் ஒப்பந்தமே செல்லாது, பாதியாவது திரும்பும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் கேட்டபின் அதிகாரியும் அதையே சொல்கிறார். நீ பணத்துக்காகச் செய்யவில்லை. எனக்கு அவர்கள் கைதட்டுவதைப் பார்க்க ஆசைப்பட்டாய். அது தெரிந்ததால்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இல்லாவிட்டால் இரண்டு நிமிடம் போதும்.

சொல்லிவிட்டேன். மே மாதக் கடிதத்தையும், நீ சிரிப்புக்காரரைப் போய்ப் பார்த்ததையும் சேர்த்துத்தான். வாக்குமூலம் நான்கு பக்கம். நான்கையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், நான் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன்னைக் கூப்பிடப் பதினைந்து நாளாவது ஆகும் என்று தெரிகிறது. அதற்குள் அம்மாவைச் சித்தி வீட்டில் விட்டுவிடு. அம்மாவிடம் நீயே சொல், போலீஸ் வாயிலிருந்து கேட்க வேண்டாம். உள்ளே போன முதல் வாரம் யார் என்ன கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில் சொல். போர்வை இரண்டு கேள். ஒன்றுதான் தருவார்கள், ஆனால் இரண்டு கேட்டால்தான் அந்த ஒன்றும் வரும். செருப்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கு. அழுகை வந்தால் குழாயைத் திறந்துவிட்டு அழு, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

உனக்கு ஒரு எண் கொடுப்பார்கள். கொடுத்ததும் அதை எனக்கு எழுது. வெறும் பெயர் எழுதினால் என் கடிதம் உன்னிடம் வந்து சேராது.

தம்பி